நன்றி மடல்: ஹேங்கர் (விமானக் கொட்டகை) வரிசை நண்பர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்று மாலை, மழை ஈரம் காயாத ஓடுபாதையில் இறங்கி, இரண்டு பிரேக் பெடல்களையும் அடிவரை மிதித்தேன். நானே கட்டிய சிறு விமானமான ஆர்வி-7ஏ கோணாமல் நேராக ஓடி நின்றது. அதன் பிரேக்கில் மோட்டார் சைக்கிளின் ஏபிஎஸ்ஸை (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பொருத்த உதவிய உங்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

இந்த விமானத்தின் மூக்குச் சக்கரம் தன்போக்கில் திரும்பக்கூடியது. தரையில் மெதுவாக ஓடும்போது இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே மிதித்துத்தான் திருப்ப வேண்டும். இறங்கிய முதல் சில நொடிகளில் எடையில் பெரும்பகுதியை இறக்கையே தாங்குவதால், சற்று அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதாவது சுழலாமல் நின்று வழுக்கும். ஆகவேதான் முன், பின் சக்கரங்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தும் மோட்டார் சைக்கிள் ஏபிஎஸ்ஸின் வால்வுத் தொகுதியை எடுத்து, இடம், வலம் என மாற்றிப் பொருத்தத் திட்டமிட்டோம். 1950களில் டன்லப் நிறுவனத்தின் மாக்சரெட் என்ற பூட்டுத் தடுப்புக் கருவி வழியாக விமானங்களில் புழக்கத்துக்கு வந்த நுட்பம், மோட்டார் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு மீண்டும் விமானத்துக்கு வருவது வேடிக்கைதான்.

அந்தத் தொகுதி வந்து சேர்ந்த அன்று, வரிசையின் கடைசி ஹேங்கரில் இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சில நாள் கழித்து ஒரு ஜாம் பாட்டிலுடன் வந்தார். சிறிய விமானங்களின் பிரேக்கில் ஓடும் சிவப்பு எண்ணெய் கனிம எண்ணெய். மோட்டார் சைக்கிளில் ஓடுவதோ கிளைகால் (glycol) வகையான டாட் 4 என்ற பிரேக் திரவம். பழைய மோட்டார் சைக்கிள் பிரேக்கிலிருந்து கழற்றிய இபிடிஎம் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) சீல் ஒன்றை அவர் அந்தச் சிவப்பு எண்ணெயில் போட்டு வைத்திருந்தார். அது ஊறிய கொண்டைக்கடலை போல உப்பியிருந்தது. பாட்டிலில் ஒட்டிய தாளில், காலைதோறும் வெர்னியரில் அளந்த விட்டம் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. "வால்வுக்குள் இருக்கும் சீலை உன்னால் மாற்ற முடியாது, மற்றதையெல்லாம் மாற்று" என்றார். அவ்வாறே மாஸ்டர் சிலிண்டர்களிலும் காலிப்பர்களிலும் இருந்த நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகளை (கசிவு தடுக்கும் வளையங்களை) இபிடிஎம்முக்கு மாற்றி, குழாய்களைக் கழுவி, டாட் 4 நிரப்பினோம். பழக்கதோஷத்தில் யாரும் சிவப்பு எண்ணெயை ஊற்றிவிடாதபடி தொட்டி மூடியில் எச்சரிக்கைத் தாளையும் அவரே ஒட்டினார். யாரும் கேட்காமல் அவராகவே செய்த வேலை இது. நன்றி சொல்லப் போனபோது, பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தேனா என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

சக்கரத்தின் சுழல்வேகத்தை அளக்கும் வேகமானிக்கான பல்வளையங்களைக் கடைந்து தந்தவருக்கும், மின்சாரம் போனாலும் சாதாரண பிரேக் வேலை செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவருக்கும், தரையைத் தொடும் கணத்தில் இன்னும் சுழலாத சக்கரத்தைப் பூட்டிய சக்கரமென்று ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி நினைத்துவிடாதபடி நிரலைத் திருத்திய தமிழ் நண்பருக்கும், ஊதியமின்றி வந்து ஒவ்வொரு இணைப்பையும் பார்வையிட்ட ஈஏஏ (விமானம் கட்டுவோர் சங்கம்) தொழில்நுட்ப ஆலோசகருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இதைப் பெரிய மாற்றமாகவே பதிவு செய்திருப்பதால், குறைந்தது 5 மணி நேரச் சோதனைப் பறப்பு முடியும்வரை பக்கத்து இருக்கையில் யாரையும் ஏற்ற மாட்டேன். முடிந்ததும் முதல் அழைப்பு பெரியவருக்கே. வரைபடங்களையும் நிரலையும் யார் கேட்டாலும் தருகிறேன். வால் சக்கர விமானம் வைத்திருப்போர் மட்டும் பொறுத்தருள வேண்டும்: கடும் பிரேக்கில் மூக்குக் குப்புற விழும் ஆபத்து, சக்கரம் பூட்டாவிட்டாலும் அவற்றுக்கு உண்டு, அதற்கு இந்த நிரலில் வழியில்லை.

நன்றியுடன்,
ஆர்வி-7ஏ கட்டியவன்