ரெண்டு தொடை அளவும் எழுதி அனுப்பு

கோபி,
கார்த்திகை 8

அன்புள்ள அம்மிணிக்கு,

நல்லா இருக்கறயா கண்ணு? இங்க எல்லாரும் சுகம். தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி ஓடுது, அப்பாவுக்குப் பொழுதெல்லாம் வயல்லயே போயிருது. தீபாவளி நோம்பிக்கு நீ வரலைன்னு அப்பத்தா ஒரு டப்பா முறுக்கை இன்னும் எடுத்து வச்சிருக்குது. வேலை இருந்திருக்கும். நான் ஒண்ணும் கேக்கலை.

ரெண்டு நாளா அமெரிக்க பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் டெரிக் ரோஸ் நெனப்பாவே இருக்குது. உன்கிட்டப் பேசினாத்தான் தீரும். நீ போன் எடுக்கறதில்லை, அதனால எழுதறேன்.

2012 ஏப்ரல் 28. பிலடெல்பியாவோட முதல் பிளே-ஆஃப் ஆட்டம். சிகாகோ 12 பாயின்ட் முன்னால, ஒண்ணரை நிமிசம் கூடப் பாக்கி இல்லை. ரோஸ் உள்ள புகுந்து எந்திரிச்சார், இடது முட்டியில ஏ.சி.எல். அறுந்துபோச்சு, உனக்கும் போச்சே, முட்டியைக் கட்டிப் பிடிக்கற அதே தசைநார்தான். ஜெயிச்ச ஆட்டத்துல எதுக்கு நிக்க வச்சேன்னு எல்லாரும் கோச் திபடோவைத்தான் இன்னைக்கும் திட்டறாங்க. நான் அந்த ஒண்ணரை நிமிசத்தைக் கணக்குல எடுக்க மாட்டேன். அந்த சீசன்ல 66 ஆட்டத்துல ரோஸ் ஆடினது 39தான். முதுகு, கவட்டுச் சதை, கணுக்கால், கால் விரல்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு நோவு. ஒரு இடம் நோவுனா உடம்பு பாரத்தை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். கடைசியில வாங்கிக்கறது முட்டிதான்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நீ யோசிக்கணும். 2013 மார்ச்சுல டாக்டருங்க ஆடலாம்னுட்டாங்க. ரோஸ் இறங்கலை. சீசன் முழுக்க உக்காந்தே இருந்தார். 22 வயசுல எம்.வி.பி., அதான் சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கின ஆளு, ஊரே கோழைன்னு பேசுச்சு. டாக்டர் சரின்னு சொல்லியும் என் கால் சரியில்லைன்னு சொல்றதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்! அந்த நவம்பர்லயே வலது முட்டியில மெனிஸ்கஸ்ங்கற குருத்தெலும்பு கிழிஞ்சுது, உக்காந்து என்ன பிரயோசனம்னு கேட்டாங்க. அது வலது கால். ஆபரேஷன் பண்ண இடது ஏ.சி.எல். நின்னுச்சு. 2018ல யூட்டா ஜாஸுக்கு எதிரா 50 பாயின்ட் போட்டது அதே கால்லதான்.

உங்க டீம் போட்டோவைத் தம்பி காட்டினான். புது ஜெர்சி உனக்கு எடுப்பா இருக்குது. பாக்கறவங்களுக்கெல்லாம் காட்டிட்டேன். வலது முட்டிக்குக் கீழ கறுப்பு டேப் ஒட்டியிருக்கறே. நிக்கறப்போ இடுப்பு இடது பக்கம் சாஞ்சிருக்குது. போட்டோவுல அப்படித் தெரிஞ்சிருக்கும்.

வலி இல்லைங்கறதை வச்சு எதையும் முடிவு பண்ணாதே. பின்தொடையில இருந்து எடுத்து உன் முட்டியில வச்ச தசைநார், வச்ச அன்னைக்கு இருந்த பலத்தோட இருக்காது. புதுசா ரத்த ஓட்டம் ஏறி, அது ஏ.சி.எல். மாதிரி மாறணும். அந்த முதல் சில மாசத்துல அது இன்னும் தளர்ந்துதான் இருக்கும். வீக்கமும் வலியும் போறதும் அதே மாசங்கள்லதான். ஓடினா ஒண்ணும் தெரியாது, நேரா போறதுக்கு ஏ.சி.எல். பெருசா வேணுங்கறதே இல்லை. பாதத்தை ஊணித் திரும்பறப்பத்தான் அதோட வேலை. ஒம்பது மாசத்துக்கு முந்தி இறங்கினவங்களுக்கு மறுபடி அறுபடறது பல மடங்கு எச்சு. உனக்கு நேத்தோட அஞ்சு மாசம் பதினோரு நாள். ஒம்பது முடியறது மார்ச் 12.

அப்பா கிட்டக் கேட்டா ரொனால்டோவைப் பாருங்கறார். பிரேசில் ரொனால்டோதான், அவருக்கு வேற ரொனால்டோ கிடையாது. 2002 உலகக் கோப்பையில 8 கோல், பைனல்ல ரெண்டு. அது வரைக்கும் சொல்லிட்டு நிறுத்திக்குவார். 1999 நவம்பர்ல முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்கற தசைநார் போய், 2000 ஏப்ரல் 12 ரோம்ல லாசியோவுக்கு எதிரா இறங்கினாரே, நடுவுல அஞ்சு மாசம் கூட ஆகலை. ஆறேழு நிமிசத்துல பந்தோட ஆடி ஏமாத்தப் போனார், அதே தசைநார் முழுசா அறுந்துபோச்சு. பக்கத்துல ஒருத்தரும் தொடலை. அதுக்கப்புறம் ஒரு வருசத்துக்கு மேல வெளியில உக்காந்தப்பறம்தான் அந்த 8 கோல். அஞ்சு மாசத்துல வந்த ரொனால்டோவையும் அப்பா சொல்லணும்.

பொம்பளைப் பிள்ளைகள்ல ஸ்பெயின் கால்பந்து ஆட்டக்காரி அலெக்சியா புட்டெயாஸைப் பாரு. 2022 ஜூலையில யூரோ போட்டி தொடங்கற சமயத்துல இடது ஏ.சி.எல். போச்சு. வருசத்தோட சிறந்த ஆட்டக்காரிக்குக் குடுக்கற பாலன் டோரை ரெண்டு தடவை வாங்கினவங்க. பத்து மாசத்துக்கிட்டப் பொறுத்து 2023 ஏப்ரல் கடைசியிலதான் இறங்கினாங்க. அந்த ஆகஸ்டுல ஸ்பெயின் உலகக் கோப்பை வாங்கறப்போ டீம்ல இருந்தாங்க.

நம்ம ஊர்ப் பேர் வச்சிருக்கறவர்னு நீ எட்டாவதுல சுவத்துல ஒட்டி வச்சியே, கோபி பிரையன்ட், 2013ல அக்கிலிஸ்ங்கற குதிகால் தசைநார் அறுந்த கால்ல நின்னு ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டார். கிளே தாம்சன் 2019 பைனல்ல ஏ.சி.எல். போனதும் திரும்பி வந்து ரெண்டு போட்டார். அதைத்தான் எல்லாரும் வீரம்ங்கறாங்க. ஃப்ரீ த்ரோ நேரா நின்னு போடறது, அறுந்த கால்லயும் போடலாம். கோபி எட்டு மாசம் ஆகறதுக்குள்ள திரும்பி வந்து, ஆறே ஆட்டத்துல அதே கால்ல முட்டி எலும்பு உடைஞ்சு உக்காந்தார். தாம்சனுக்கு அடுத்த வருசமே இன்னொரு கால்ல அக்கிலிஸ் போச்சு. மறுபடி ஆட்டத்துல நிக்க 941 நாள் ஆச்சு. 941 நாள், அம்மிணி.

வார்ம்-அப்பை விட்டுறாதே. கால்பந்துக்காரங்களுக்கு வகுத்த ஃபிஃபா 11+ வார்ம்-அப் முழுசா 20 நிமிசம்: 8 நிமிசம் மெதுவா ஓட்டம், 10 நிமிசம் பலத்துக்கும் குதிக்கறதுக்கும் பேலன்ஸுக்கும், 2 நிமிசம் வேக ஓட்டம். கோச் அவசரப்படுத்தினா எல்லாரும் நடுவுல இருக்கற பத்து நிமிசத்தைத்தான் வெட்டுவாங்க. முட்டியைக் காப்பாத்தறதே அந்தப் பத்து நிமிசம்தான். குதிச்சு இறங்கறப்போ முன்பாதம் முதல்ல, இடுப்பும் முட்டியும் மடியணும், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. உனக்குப் பின்தொடையில இருந்து எடுத்திருக்கறதால மண்டி போட்டு முன்னால சாயற நார்டிக் பயிற்சியை மட்டும் பிசியோ சொல்லாம ஆரம்பிக்காதே. வெடியால பனி விழுந்த சிமெண்ட் கோர்ட்டுல புழுதியும் சேந்தா ஷூ பிடிக்காது, ஈரத்துணியில அடிப்பக்கத்தைத் தொடைச்சுக்கோ. இதெல்லாம் மார்ச்சுக்கு அப்புறம் வேணுங்கறது.

ஜூன்ல காலைத் தலகாணி மேல வச்சுட்டு வெடியால 5.30 மணிக்கு என்.பி.ஏ. பைனலோட ஏழாவது ஆட்டம் பாத்தியே. ஹாலிபர்ட்டன் கெண்டைச்சதை நோவோட இறங்கி, ஏழு நிமிசத்துல ஒம்பது பாயின்ட் போட்டு, அப்புறம் தரையைக் கையில அடிச்சுட்டுப் படுத்திருந்தார். நீ டி.வி.யை நிறுத்திட்டே.

2019ல கெவின் டூரன்ட்டுக்கும் அதே மாதிரிதான். கெண்டைச்சதை இழுத்து ஒரு மாசம் உக்காந்துட்டு, பைனலோட அஞ்சாவது ஆட்டத்துல வந்து 12 நிமிசத்துல 11 பாயின்ட். அப்புறம் அக்கிலிஸ். அன்னைக்கு ராத்திரி அந்த டீமோட பொறுப்பாளர் பாப் மையர்ஸ் மைக் முன்னால கண் கலங்கிட்டு உக்காந்து, யாரையாவது குத்தம் சொல்லணும்னா என்னைச் சொல்லுங்கன்னார்.

மே மாசம் கோயமுத்தூர் ஆட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரியே உன் முட்டி வீங்கியிருந்துச்சு. சில்லுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற குழி ரொம்பிப் போயிருந்துச்சு. உள்ள நீர் கோத்தா அந்தக் குழிதான் முதல்ல மறையும்னு முப்பது வருசமாப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்த பி.டி. டீச்சர் நான். விரல்ல அழுத்திப் பாத்தேன். தெரிஞ்சுது. ஊர்ல இருந்து வேன் வச்சு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருந்தேன். "நான் உக்காந்துக்கட்டுமாம்மா"ன்னு நீ கேட்டே. முதல் பாதி மட்டும் ஆடிரு சாமின்னு கிரேப் பேண்டேஜ் சுத்தி விட்டது நான்தான். பிசியோ சொல்லலை, உங்க கோச்சும் சொல்லலை. நீ இதை யாருகிட்டயும் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். அப்பாகிட்ட நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. இந்தக் கடுதாசியைப் போஸ்ட் பண்றதுக்கு முந்தி சொல்லிருவேன்.

வேலை போயிரும்னு பயப்படறயா? ஒரு வருசம் ஆடாததுக்கு மெடிக்கல் லீவும் டாக்டர் சர்டிபிகேட்டும் இருக்குது. ரெண்டாவது தடவை அறுந்த முட்டிக்கு ஒண்ணும் இல்லை.

ஒண்ணு மட்டும் பண்ணு. தரையில ரெண்டு காலையும் நீட்டி உக்காரு, சதையைத் தளர்த்தி விட்டுரு. சில்லோட மேல் விளிம்புல இருந்து 10 செ.மீ. மேல பேனாவுல கோடு போடு, ரெண்டு கால்லயும். தையல் டேப்பை அந்தக் கோட்டு மேல இறுக்காம சுத்தி மூணு தடவை அள, நடு அளவை எடுத்துக்கோ. ரூம்ல கூட இருக்கற பிள்ளை அளந்தா நல்லது, நீயே அளந்தா கை தானா இழுக்கும். ஒரு செ.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா முன்தொடை இன்னும் ஏறலைன்னு அர்த்தம். சரியா வந்தாலும் அதோட முடிஞ்சிராது, ஒத்தைக் கால் லெக் பிரஸ்ல இடது காலோட பலத்துல 90 சதமாவது வலது கால் தள்ளணும். அப்புறம் 20 செ.மீ. படியில இருந்து ஒத்தைக் கால்ல மெதுவா இறங்கறதை முட்டி உயரத்துல போனை வச்சு எடு. பத்து தடவை. முட்டி ஒரு தடவை பெருவிரலைத் தாண்டி உள்ள போனாலும் இன்னும் நாளாகணும்.

வீடியோ அப்புறம் பாத்துக்கலாம். பொங்கல் போட்டிக்கு யாரு பேரு போயிருக்குதுன்னும் நான் கேக்கலை. ஒரு கார்டுல வலது இவ்வளவு, இடது இவ்வளவுன்னு எழுதி அனுப்பு. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்.

அம்மா