மகளுக்கு, பேண்டு விஷயமாக

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. பிசான நெல்லுக்கு நாற்று விட்டாச்சு. அம்மா எழுதச் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சாக்ஸபோன் பெட்டியைத் திறக்கிறாயா? மாசாமாசம் உங்கள் பேண்டு வாசிப்பதைப் பதிவு செய்து அனுப்புவாய். கோடையிலிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகம் என்றாய், சரி. குளிர் என்றாய், சரி. ஆனால் போன வாரம் வீடியோவில் பார்த்தேன், பெட்டி அலமாரி உச்சியில் இருந்தது. அதன் மேல் போர்வை மடித்து வைத்திருந்தது. தினமும் எடுக்கிற சாமான் மேல் யாரும் போர்வை வைக்கமாட்டார்கள். வாயில் வைக்கிற ரீடு காய்ந்தால் வெடித்துவிடும் மகளே, சாவிக்கு அடியில் இருக்கிற பேடு ஒட்டிக்கொள்ளும்.

மருமகன் சுகமா? அவர் குரலைக் கேட்டும் நாளாகிறது.

அந்த ஜாஸ் பேண்டில் சேர்ந்தேன் என்று நீ சொன்ன அன்று எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியாது. 5 சாக்ஸ், 4 டிரம்பெட், 4 டிராம்போன், பியானோ, பேஸ், கிட்டார், டிரம்ஸ் என்று 17 பேரில் நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி. 1920களில் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சனும் டான் ரெட்மனும், சாக்ஸ் வரிசை கேட்க டிரம்பெட் வரிசை பதில் சொல்கிற மாதிரி எழுதிவைத்தார்கள் என்றாய். நம் ஊர்ச் சபை பேண்டிலும் கிளாரினெட் ஒரு அடி எடுத்தால் டிரம்பெட்காரர்கள் திருப்பிச் சொல்வார்கள். எழுதிவைக்கத்தான் ஆளில்லை. பட்டாள பேண்டில் வாசித்துவிட்டு வந்த பேண்டு தாத்தா வாயால் பாடிக்காட்டுவார். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் இறந்தபோது அந்தத் தாத்தா மூன்று நாள் கிளாரினெட்டைத் தொடவில்லையாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போக முடியாமல் அங்கே பேண்டுகள் கலைந்தன, இப்போது பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் ராத்திரி பள்ளிக்கூட ஹாலில் கூடி வாசிக்கிறோம் என்றாய். நம் ஆட்களும் அப்படித்தானே. ஒருத்தர் பனையேறி, ஒருத்தர் கண்டக்டர், நான் பீடிக் கம்பெனிக் கணக்கு. சபை அசன விருந்துக்கும் கல்யாணத்துக்கும் வாசித்த காசில் பாதியைச் சேர்த்துத்தான் அந்தப் பழைய சாக்ஸை வாங்கினோம். பேண்டை விடாதே மகளே. உடம்பு அசந்தாலும் போய் உட்கார்ந்துவிட்டு வா.

போன அசனத்துக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ அனுப்பிய அந்தப் பெண்கள் பேண்டை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம். மிசிசிப்பியில் பைனி வுட்ஸ் என்ற ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்க 1930களின் கடைசியில் தொடங்கியது. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். ஓட்டலில் இடம் கிடைக்காது என்பதால் பஸ்ஸிலேயே படுத்து ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். 1945-ல் ஐரோப்பாவுக்குப் போய் அமெரிக்கப் பட்டாளத்துக்கு வாசித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில், அந்த ஊரில், அவர்களைப் பெற்றவர்கள் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

நீ பத்தாவது முடித்ததும், "பொம்பளைப் பிள்ளை பேண்டில் நிற்கக் கூடாதுன்னு சபையில் சொல்லிட்டாங்க" என்று சொன்னேன் அல்லவா? யாரும் சொல்லவில்லை. சபைப் பாதிரி ஐயரிடம் நான் கேட்கவே இல்லை. பேண்டு தாத்தா நாலு தடவை வீடு தேடி வந்தார், பிள்ளைக்குப் படிப்பு இருக்கிறது என்று திண்ணையிலேயே பேசி அனுப்பினேன். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள், தெருவில் கன்னம் உப்ப ஊதுகிற பெண்ணை என்ன சொல்வார்களோ என்று பயம். அது என் பயம் மட்டும்தான். நீயே சாக்ஸைத் துடைத்துக் கொண்டுபோய் பேண்டு அறையில் வைத்தாய், அழக்கூட இல்லை. அப்புறம் அந்தப் பெட்டி மேல் பந்திப் பாயை அடுக்கினோம். ஒவ்வொரு பயிற்சிக்கும் நான் அதைப் பார்த்துக்கொண்டே கிளாரினெட் வாசித்தேன். ஒருநாளும் பாயை எடுக்கவில்லை.

அதனால்தான் அந்தப் போர்வையைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. நான் சொன்ன மாதிரி அங்கே யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா? அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் என் போனுக்கு மட்டும் எழுது. ஊருக்கு வரவேண்டும் போல இருந்தால் வா. டிக்கெட் காசு என்னிடம் இருக்கிறது. யாரும் எதுவும் கேட்கமாட்டோம்.

அம்மா சொன்னது: சித்தி மகனுக்குப் பெண் நிச்சயமாகிவிட்டது. கருப்பட்டியும் நார்த்தங்காயும் பார்சலில் வருகிறது. ரீடும் ஒரு பெட்டி சேர்த்து வைக்கிறேன். உனக்கு இரண்டரை நம்பரா, மூன்றா? சொன்னால்தான் சென்னையில் சொல்லி வாங்க முடியும்.

அப்பா