மிக்குவின் முகமும் முதுகும்

நிஷி கசாய், டோக்கியோ
12.10.2024

அன்புள்ள மாரி,

உன் குரல் பதிவு கேட்டேன். பின்னால் அச்சு மிஷின் ஓடுகிற சத்தத்தில் பாதி புரியவில்லை. காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. விலை குறைந்த பொம்மையும் நன்றாக இருக்குமா என்று உன் மகள் கயல் கேட்டதற்கு வாட்ஸ்அப்பிலேயே இரண்டு வரி போட்டிருக்கலாம்தான். ஆனால் மூன்று நாளாக ஒரு பொம்மையை மேஜையில் வைத்து நான் பார்த்த பார்வையை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மகன் வேலைக்கென்று ஒஸாகா போன பிறகு இந்த வீட்டில் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. என் மனைவி ஒரு தடவை எட்டிப் பார்த்து, "இந்த வயசில் பொம்மையா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இங்கே இதற்குப் பெயர் 'ஃபிகர்'. நம் ஹாஸ்டலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அகிஹபாராவில் ஒரு ஃபிகர் பார்த்தேன்" என்று போனில் சொன்னதும் என் தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

கயலுக்குப் பிடித்த ஹாட்சுனே மிக்குதான் வாங்கியிருக்கிறேன். உனக்காக ஒரு வரி: 2007 ஆகஸ்டில் சப்போரோவில் இருக்கிற கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா என்ற நிறுவனம் ஒரு பாட்டு மென்பொருள் வெளியிட்டது. நாம் மெட்டும் வரிகளும் கொடுத்தால் அது பாடும். அந்தக் குரலுக்கு முகமாக வரைந்த பெண்தான் மிக்கு. வயது 16 என்று அறிவித்தார்கள். பதினேழு வருஷமாக 16-லேயே நிற்கிறாள், கொடுத்து வைத்தவள்.

முதலில் கேம் சென்டரில் எடுக்கத்தான் பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு கம்பிகள், அவற்றின் மேல் குறுக்கே ஃபிகர் பெட்டி. மேலிருந்து கொக்கி இறங்கி வரும். அது பெட்டியைத் தூக்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு மூலையைக் கொஞ்சம் நகர்த்தும், அவ்வளவுதான். அப்படி நகர்த்தி நகர்த்திக் கம்பிகளுக்கு நடுவில் விழ வைக்க வேண்டும். ஆட்டம் ஒன்றுக்கு 100 யென். 23 ஆட்டம் ஆடினேன். நடுவில் அங்கே வேலை பார்க்கிற பெண் பரிதாபப்பட்டுப் பெட்டியைத் தள்ளிக்கூட வைத்தாள். எனக்கு முடியவில்லை. அப்புறம் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பொருள் கடையில் அதே ஃபிகர், பிரிக்காத பெட்டி, 1,800 யென்னுக்கு உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் உனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. இந்த மாதிரி ஃபிகரை 'பிரைஸ் ஃபிகர்' என்கிறார்கள், அதாவது பரிசுப் பொருள். கேம் சென்டரில் கொடுக்கிற பரிசின் மதிப்புக்கு இந்த நாட்டில் உச்சவரம்பு உண்டு. நெடுநாள் சுமார் 800 யென்னாக இருந்தது, 2022-இல் சுமார் 1,000 ஆக்கினார்கள். பெரிய கம்பெனிகள் செய்கிற 1/7 அளவு (ஆள் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு) ஃபிகர் இன்றைக்கு 20,000 யென்னைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறது. அதே பெண், அதே ஜடை, இருபதில் ஒரு பங்குக் காசு. (இரண்டுக்கும் நடுவில் குட் ஸ்மைல் கம்பெனி 2019-இல் தொடங்கிய பாப் அப் பரேட் போன்ற வரிசைகளும் உண்டு. கயலுக்குச் சேமிப்பு இருந்தால் அடுத்த தடவை அதைப் பார்க்கலாம்.)

ஜவுளிக்கடைக்காரர் வந்து, இந்த ரேட்டுக்குள் ஆயிரம் காலண்டர் வேண்டும் என்றால் நீ என்ன செய்வாய்? சாமி படத்தில் கை வைக்க மாட்டாய். அட்டையை மெலிதாக்குவாய், தேதித் தாளின் எடையை, அதாவது ஜிஎஸ்எம்மை, குறைப்பாய். இவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அதனால் விலை குறைந்த ஃபிகரைக் கையில் எடுத்தால், எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். சரியான இடத்தில் மிச்சம் பிடித்திருந்தால் அது நல்ல ஃபிகர். இது என் கட்சி. கயல் ஒப்புக்கொள்வாளா தெரியாது.

கண்ணில் தொடங்குகிறேன். கண்ணைக் கையால் வரைவதில்லை. பேனாவிலும் சாவிக்கொத்திலும் கம்பெனிப் பெயர் போடுகிற பேட் பிரிண்டிங் இருக்கிறதே, அதேதான். பொறித்த தகட்டில் மை தடவி, வழித்துவிட்டு, மெத்தென்ற சிலிக்கான் குமிழால் எடுத்து முகத்தில் ஒற்றுகிறார்கள். நிறத்துக்கு ஒரு ஒற்று. விழி நீலப்பச்சை, இமைக்குக் கருப்பு, கடைசியில் ஒளிப்புள்ளி. ரிஜிஸ்டர், அதாவது நிறத்தின் மேல் நிறம் பொருந்துவது, ஒரு நூல் தள்ளினால் மாறுகண் விழும். நீ கொடுத்த மடக்கு லென்ஸை இத்தனை வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தேன். இடக்கண் அச்சு அசலாக இருக்கிறது. வலக்கண்ணில் மேல் இமைக்கோடு ஒரு மயிரிழை மேலே ஏறி, நடுவில் தோல் நிறம் தெரிகிறது. லென்ஸை எடுத்துவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தால் முகம் உயிரோடு இருக்கிறது. நம் ஊர்க் காலண்டர்களில் உதடு ஒரு பக்கமும் உதட்டுச் சிவப்பு இன்னொரு பக்கமுமாக எத்தனை லட்சுமி பார்த்திருக்கிறோம்!

இடது கைமேல் சிவப்பில் '01' என்று இருக்கும், அது மிக்குவின் அடையாளம். அரிசி அளவு எழுத்து, ஓரம் கூர்மையாக இருக்கிறது. சட்டைக் கையின் விளிம்பில் சின்னச் சின்னப் பொத்தான்கள். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற இசைக் கருவியை மனதில் வைத்து வரைந்த உடை அது. முன்பக்கம் எல்லாப் பொத்தானும் அச்சாகியிருக்கிறது. கையைத் திருப்பினால் வெறும் கருப்பு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. கேட்டதற்கு மேல் ஒரு சதுர மில்லிமீட்டர்கூட மை செலவழிக்கவில்லை!

தோலுக்குப் பெயின்ட் கிடையாது. தோல் நிறம் கலந்த பிவிசி பிளாஸ்டிக்கை அப்படியே வார்த்திருக்கிறார்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் காது மெழுகுபோல ஒளி விடுகிறது. கன்னத்தில் மட்டும் மெல்லிசாக இரண்டு ஸ்பிரே. விலையுயர்ந்த ஃபிகரில் முழங்கை, முழங்கால், விரல் இடுக்கு எல்லாவற்றிலும் நிழல் அடித்திருப்பார்கள். தொடை வரை ஏறுகிற கருப்பு பூட்ஸின் விளிம்பில், பின்பக்கம், பெயின்ட் ஒரு கடுகளவு வழிந்திருக்கிறது. அதை மன்னிக்க மாட்டேன். பின்பக்கமாக இருந்தாலும், கருப்புக்கும் தோலுக்கும் நடுவில் வழிந்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

அப்புறம் ஜடை. மிக்கு என்றாலே அந்த இரட்டை ஜடைதான், கணுக்கால் வரை வரும். அச்சு இரண்டு பாதியாகத்தான் வரும், இணைகிற இடத்தில் கோடு விழும். விளாச்சேரியில் கொலு பொம்மை வாங்கப் போனால் அம்மா முதல் வேலையாகப் பொம்மையைத் திருப்பி, விலாவில் நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். நானும் ஓட்டினேன். ஜடையில் கோடு இருக்கிறது, ஆனால் முடிப்பிரிவின் பள்ளத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கைக்கு வரும்போது அவருக்கு நேரம் முடிந்துவிட்டது போல. முழங்கைக்குக் கீழே கோடு அப்பட்டமாக ஓடுகிறது. ஜடை நுனிக்கு இன்னும் கொஞ்சம் மெலிவு வேண்டும். நிறமும் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், நுனியில் வெளிறிப் போகிற அந்த அழகு இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்தபோது ஒரு பக்கம் சாய்ந்திருந்தாள். பீடம் கடினமான ஏபிஎஸ் பிளாஸ்டிக், அது வளையாது. கால் பிவிசி, வளையும். நல்ல சூடான தண்ணீரில் கணுக்காலை அரை நிமிஷம் நனைத்து, நேராகப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் காட்டினேன். நிமிர்ந்துவிட்டாள். சிவகாசி வெயிலுக்கு இது திரும்பவும் நடக்கும் என்று கயலிடம் சொல். ஜன்னலோரம் வேண்டாம், டிவிக்கு மேலே வேண்டவே வேண்டாம். ஒரு வருஷம் கழித்துத் தொட்டால் பிசுபிசுத்தாலும் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய் மாதிரிப் பொருள் வெளியே கசியும். பாத்திர சோப்பைத் துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போய்விடும்.

மார்க் போடச் சொன்னால் முகத்துக்கு 90, முதுகுக்கு 40. அலமாரியில் முதுகு சுவரைத்தானே பார்க்கப் போகிறது.

இப்போது கயல் 900 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியதற்கு வருகிறேன். நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்ளே, அது போலி. பெட்டியில் கிரிப்டனின் உரிமைக் குறிப்பும் இல்லை, அவர்களுடைய பியாப்ரோ முத்திரையும் இல்லை. தோல் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்த மாதிரி மின்னுகிறது. ஜடையைச் செருகுகிற இடத்தில் ஒரு காசு நுழைகிற இடைவெளி. அசல் ஃபிகர் ஒன்றை வைத்து அச்சு எடுத்து, அதில் வார்த்திருப்பார்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படி ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? விரல்கள் ஒட்டிப்போனது அதனால்தான். பெட்டியைத் திறந்ததும் தலைவலிக்கிற மாதிரி வாடை வந்ததா என்று கேள். வந்திருந்தால் அதைப் படுக்கிற அறையில் வைக்க வேண்டாம். 'போலி' என்று நீ முகத்துக்கு நேரே சொல்லிவிடாதே. சேர்த்து வைத்த காசில் வாங்கியிருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸைக் கையில் கொடு, அவளே கண்டுபிடிப்பாள்.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால்தான் ஸ்டேஷன் படிக்கட்டில் தகராறு செய்கிறது. இந்தத் தீபாவளிக்கும் வர முடியவில்லை, பொங்கலுக்குப் பார்க்கலாம். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற மதுரைக்காரர் 25-ஆம் தேதி கிளம்புகிறார், அவரிடம் மிக்குவைக் கொடுத்து விடுகிறேன். பெட்டியைக் கிழிக்காமல் பிரிக்கச் சொல், பின்னால் விற்க நினைத்தால் பெட்டிக்குத்தான் பாதி விலை. தங்கச்சியையும் கயலையும் மாமா கேட்டதாகச் சொல்.

பதிலுக்கு எனக்கு 2025 தினசரி காலண்டர் ஒன்று கொடுத்து விடு. முருகன் படம் போட்டது. ரிஜிஸ்டர் பார்த்து எடு, இங்கே லென்ஸ் இருக்கிறது.

உன்,
சேகர்