நெக்ஸ்டார், சின்கிளேர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவெங்கும் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களை நடத்தும் உங்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 17 அன்று, ஏபிசி வலையமைப்பு வழங்கும் நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மலின் இரவு நிகழ்ச்சியை உங்கள் நிலையங்களில் ஒளிபரப்ப மாட்டோம் என்று அறிவித்தீர்கள். ஏபிசியும் அன்றே அதை நிறுத்திவைத்தது. வலதுசாரி அரசியல் செயற்பாட்டாளர் சார்லி கிர்க்கைக் கொன்றவன் டிரம்ப் ஆதரவாளர்களில் ஒருவன் என்று தொனிக்கும்படி கிம்மல் பேசியது அவசரப் பேச்சு. நானும் அதை ஏற்கவில்லை. அது தவறு என்று உங்கள் செய்தியறிக்கையில் எடுத்துக்காட்டியிருக்கலாம். கண்டித்துத் தலையங்கம் வாசித்திருக்கலாம். பேசவே விடாமல் செய்தது வேறு விஷயம்.

அதிலும் எந்த நாளில் செய்தீர்கள்! ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்சிசியின் தலைவர் பிரெண்டன் கார், கிம்மலின் பேச்சைப் பற்றி ஒரு பாட்காஸ்ட்டில், இதைச் சுலபமாகவும் முடிக்கலாம், கடுமையாகவும் முடிக்கலாம் என்று எச்சரித்த அதே நாள். அந்த ஆணையம் உரிமம் வழங்குவது ஏபிசி என்ற வலையமைப்புக்கு அல்ல, தனித்தனி நிலையங்களுக்கு. ஆகவே அந்த எச்சரிக்கை உங்கள் வாசலுக்குத்தான் வந்தது. இன்னொரு நிலையக் குழுமமான டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்க நெக்ஸ்டாருக்கு வேண்டியிருந்ததும் அதே ஆணையத்தின் ஒப்புதல்தான். ஆணையத்துடன் பேசாமல் தாங்களே எடுத்த முடிவு என்கிறது நெக்ஸ்டார். அதிகாரி மிரட்டிய சில மணி நேரத்தில் வந்த முடிவைப் பற்றிய இந்த விளக்கத்தை நாங்கள் எப்படி நம்புவது?

சின்கிளேர் ஒரு படி மேலே போனது. கிம்மல் மன்னிப்புக் கேட்க வேண்டும், கிர்க் குடும்பத்துக்கும் கிர்க் நிறுவிய டர்னிங் பாயின்ட் அமைப்புக்கும் சொந்தப் பணத்திலிருந்து நன்கொடை தர வேண்டும் என்றது. குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவிக்கச் சொன்னது நியாயம். ஓர் அரசியல் அமைப்புக்குக் காசு கொடுத்தால்தான் மேடை என்பது கப்பம் கேட்பது.

கிம்மலுக்கு ஆதரவாளர் அல்லாத குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ்கூட காரின் பேச்சை ஆபத்தானது என்றார். அரசு அதிகாரி தனியாரை மிரட்டி, அவர் கையால் இன்னொருவர் கருத்தை நசுக்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தது வலதுசாரிச் சார்புள்ள தேசியத் துப்பாக்கிச் சங்கம். இந்தப் பாதுகாப்பு இடதுசாரிக்கும் வலதுசாரிக்கும் ஒன்றுதான்.

வியட்நாம் போரைச் சாடிய பாடகர் பீட் சீகரின் பாட்டை 1967இல் ஸ்மதர்ஸ் சகோதரர்களின் நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து சிபிஎஸ் வலையமைப்பு வெட்டியது; சில மாதங்களில் அதே மேடையில் பாட விட்டது; 1969இல் நிகழ்ச்சியையே ரத்து செய்தது. போரைப் பற்றிய மக்களின் கேள்விகளை அந்த ரத்து குறைத்துவிடவில்லை.

செப்டம்பர் 23 அன்று கிம்மல் திரும்பியபோது, தொலைக்காட்சியில் மட்டும் 62 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். வாஷிங்டன், சியாட்டில், நாஷ்வில் மக்களுக்கு உங்கள் நிலையங்கள் அதைக் காட்டவில்லை. ஒரு கொலையை இலேசாக்குவது தன் நோக்கம் அல்ல என்று அவர் கண்கலங்கிச் சொன்னதையும் அவர்கள் உங்கள் திரையில் காணவில்லை. குற்றச்சாட்டைக் கேட்டவர்களுக்குப் பதிலையும் கேட்க உரிமை இல்லையா?

சில நாளில் நிகழ்ச்சியை மீட்டெடுத்தீர்கள், நன்று. இனி எந்த நிகழ்ச்சியைப் பற்றியாவது ஆணையத்திடமிருந்து அழைப்போ கடிதமோ வந்தால், அன்றைய மாலைச் செய்தியிலேயே அதை எங்களுக்குச் சொல்லுங்கள். ஒரு நிகழ்ச்சியை நிறுத்தினால் யார், ஏன் முடிவெடுத்தார் என்பதைப் பெயருடன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்