அசாஃபா என்ன ஆனார் என்று கேட்டாயே

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று என்று படித்ததும் நிம்மதி. இனி பாதிக் கவலை விட்டது. இங்கே எல்லாரும் நலம், என் மூட்டுவலி உட்பட!

ஓட்டம் என்றாலே எல்லாரும் போல்ட் போல்ட் என்கிறார்களே, அதற்கு முன் நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அசாஃபா பவல் என்ன ஆனார் என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் எழுத மனசு வரவில்லை.

ஜமைக்காவின் லின்ஸ்டெட் ஊர்க்காரர். அப்பா அம்மா இருவருமே சபை நடத்தும் போதகர்கள், இவர் ஆறு பையன்களில் கடைக்குட்டி. 2005 ஜூனில் ஏதென்ஸில் 9.77 விநாடியில் ஓடி உலக சாதனை. நூறு மீட்டரை 10 விநாடிக்குள் 97 தடவை ஓடியிருக்கிறார். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் எட்டவில்லை. ஆனால் ஒலிம்பிக்கில் தனிப் பதக்கம் ஒன்றுகூடக் கிடையாது. 2004, 2008 இரண்டிலும் ஐந்தாம் இடம்.

பெரிய இறுதிப்போட்டி என்றால் மனுஷனுக்கு உடம்பு இறுகிவிடும். 2007 ஒசாகா உலகப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? பாதி தூரம் வரை முன்னால் போனார், அமெரிக்காவின் டைசன் கே பக்கத்தில் வந்ததும் ஆட்டம் கண்டுவிட்டார், மூன்றாமிடம். சரியாக இரண்டு வாரம் கழித்து இத்தாலியில் ரியேட்டி என்ற ஊரில் 9.74, புது உலக சாதனை. அதுவும் தகுதிச்சுற்றில், கடைசி சில மீட்டர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடி! இப்படி ஒரு ஆளை என்ன செய்வது சொல்.

அப்புறம் 2013. தேசியப் போட்டியில் எடுத்த சிறுநீர் மாதிரியில் ஆக்சிலோஃப்ரின் என்ற ஊக்கமருந்து இருந்தது. கூடப் பயிற்சி எடுத்த வீராங்கனை ஷெரோன் சிம்சனுக்கும் அதே கதை. கனடாவிலிருந்து புதிதாக வந்த உடற்பயிற்சியாளர் கொடுத்த 'எபிஃபனி டி1' மாத்திரையால் வந்தது என்றார்கள். அந்த ஆளோ, தடை செய்யப்பட்ட எதையும் கொடுக்கவில்லை என்று மறுத்தார். லேபிளில் அந்த மருந்தின் பெயரே இல்லை, ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் தெரிந்தது. முதலில் 18 மாதத் தடை. 2014 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை 6 மாதமாகக் குறைத்தபோது, அவர் ஏற்கெனவே ஏறக்குறைய ஒரு வருடம் வீணாக உட்கார்ந்துவிட்டார்.

அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்காக "தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன்" என்பதையும் அப்படியே விழுங்க முடியவில்லை. உடம்புக்குள் போவதற்கு ஓடுகிறவரே பொறுப்பு என்பதுதான் விதி, அது முப்பது வயதில் அவருக்குத் தெரியாததா? ஊரும் லேசுப்பட்டதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முந்தைய மாதங்களில் போட்டி இல்லாத நாட்களில் சோதனையே பெரும்பாலும் நடக்கவில்லை என்று ஜமைக்கா ஊக்கமருந்து தடுப்பு ஆணையத்தின் முன்னாள் நிர்வாக இயக்குநரே போட்டு உடைத்தார்.

எனக்கு ஆறாதது வேறொன்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் போல்ட் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டு பறந்தாரே, 37.10 விநாடி! டிரினிடாட்காரர்கள் ஏறக்குறைய ஒரு விநாடி பின்னால். அதில் முதலில் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் பழைய மாதிரியை 2016இல் மறுபடி சோதித்தபோது தடை செய்யப்பட்ட மருந்து அகப்பட்டது. 2017 ஜனவரியில் நாலு பேரின் தங்கமும் போயிற்று, போல்ட்டுடையதும் சேர்த்து. 2016 ரியோவில் அசாஃபா தகுதிச்சுற்றில் மட்டும் ஓடினார், அணி ஜெயித்ததால் அவருக்கும் தங்கம். ஆக, இறுதிப்போட்டியில் ஓடி வாங்கிய ஒலிம்பிக் தங்கம் அடுத்தவர் செய்ததால் பறிபோனது. தகுதிச்சுற்றில் ஓடியது மிச்சம்.

கார்த்திக் ஜிம்மில் சொன்னார்கள் என்று ஏதோ பவுடர் டப்பா வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். மாவட்டப் போட்டியில் ஓடுகிற பிள்ளை. டப்பாவை நாலு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டுகிறேன். அவர் பதில் வரும்வரை தொட வேண்டாம். கேட்டால் மாமா சொன்னார் என்று சொல், என்மேல் கோபப்பட்டால் பரவாயில்லை.

அன்புடன்,
சேகர்