இங்கே ஞாயிற்றுக்கிழமை, அங்கே இன்றிரவே

மாட்டுங்கா, மும்பை
20.03.2020, வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறேன்.

இன்று மாலை ஆறு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை ஆறு மணி வரை கொரோனாவுக்காக இலங்கை முழுவதும் ஊரடங்கு என்று தம்பி சொன்னான். இங்கே வரும் ஞாயிறு, 22ஆம் திகதி, காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை மக்கள் தாங்களாகவே ஊரடங்கைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பிரதமர் மோடி நேற்றிரவு தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார். இலங்கைக்குப் பயணிகள் விமானம் வருவது நின்றுவிட்டதால் தபாலை நம்ப முடியாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தம்பியின் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறேன். அவன் வாசித்துக் காட்டட்டும். தொலைபேசியில் கதைத்தது காற்றோடு போய்விடும் என்று நீங்கள் சொல்வதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற கடிதத்தில், "இது உண்மையிலேயே பெரிய நோயா, பத்திரிகைக்காரர் பெரிதாக்கிய நோயா, மும்பையில் படித்த சனம் என்ன சொல்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். படித்த சனம் ஒன்றையே சொல்லுமானால் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். எங்கள் வீட்டில் மாமா, மாமி, உங்கள் மருமகன், நான் என்று நாலு பேர். நாலு பேரும் படித்தவர்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொள்வதில்லை.

மாமாவுக்கு இது சூரத் பிளேக் இரண்டாம் முறை வந்ததுபோல. 1994 செப்டெம்பரில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடியதையும், மும்பையின் நிலையங்களில் ஆட்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றதையும், மருந்துக்கடையில் டெட்ராசைக்கிளின் மாத்திரை கிடைக்காமல் போனதையும் ரயில்வேயில் வேலை செய்த காலத்தில் அவர் கண்ணால் கண்டவர். கடைசியில் இறந்தவர்கள் 50 பேருக்குச் சற்று மேல்தான். ஆகவே அவரிடம் இத்தாலியைப் பற்றிச் சொன்னால், "காசநோயில் இந்த நாட்டில் ஆண்டுக்கு நாலு லட்சம் பேர் போகிறார்கள், அதற்கு எவனாவது ரயிலை நிறுத்தச் சொன்னானா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் காசநோயைப் புறக்கணித்தது தவறு என்பதற்காக இதையும் புறக்கணிக்கலாம் என்று எப்படி வரும்?

வாதம் முழுவதும் எண்களைச் சுற்றியே நடப்பதால், ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். அறிவிக்கப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ 3.4 விழுக்காட்டினர் இறந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் இம்மாதம் 3ஆம் திகதி சொன்னார். வழக்கமான தடிமன் காய்ச்சலில் இது ஒரு விழுக்காட்டிலும் மிகக் குறைவு. 'அறிவிக்கப்பட்ட' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, இலேசாக வந்து போனவர்கள் கணக்கில் சேரவில்லை, சேர்த்தால் விழுக்காடு இறங்கிவிடும் என்று உங்கள் மருமகன் வாதாடுகிறார், அது சரிதான். யப்பானில் தடுத்து வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,700 பேரில் 700க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது; சோதனை செய்த நேரத்தில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓர் அறிகுறியும் இல்லை. ஆனால் அதே செய்தியை நான் மறுபக்கமாக வாசிக்கிறேன்: அறிகுறி இல்லாதவர் படுக்கமாட்டார், ரயிலில் ஏறுவார். இந்த ஊரின் மின்சார ரயில்களில் ஒரு நாளைக்கு 80 லட்சம் பேர் போகிறார்கள். காலை ஒன்பது மணிக்குத் தாதரில் ஏறுபவருக்கு அடுத்தவரின் மூச்சுக்குத் தப்ப வழியே கிடையாது. விழுக்காடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எல்லோரும் ஒரே மாதத்தில் படுத்தால் கட்டில் போதாது. இத்தாலியின் வடக்கில் நடந்தது அதுதான். அங்கே இறந்தவர்களின் தொகை நேற்றுச் சீனாவைத் தாண்டிவிட்டது.

இந்தியாவில் ஜனவரி 30ஆம் திகதி கேரளத்தில் முதல் நோயாளி. இன்று 200க்கு மேல். மகாராட்டிரத்தில் மட்டும் 52. "130 கோடியில் 200 பேரா!" என்று சிரிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நாடு முழுவதற்கும் இதுவரை 14,000 மாதிரிகள் அளவில்தான் சோதித்திருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும். டெங்குக் காலத்தில் நம் ஆய்வுகூடத்தில் சோதனைப் பெட்டி முடிந்த கிழமையில் நோயாளர் தொகை குறைந்ததாகக் காட்டியதும், மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்ததும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாமிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். சென்னையிலுள்ள தங்கைக்குத் தொலைபேசி எடுத்தால் மணி அடிக்கும் முன்னே ஓர் இருமல் சத்தம் கேட்கும். அரசு அறிவிப்பின் தொடக்கம் அது. மாமி ஒவ்வொரு முறையும் "யாருக்கம்மா இருமல்?" என்று கேட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார்.

எங்கள் தெருவுக்குத் தினமும் தாராவியிலிருந்து இட்டிலி கொண்டுவரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே தொழில். விடியற்காலை அவித்து, பாத்திரத்தில் சட்டினியோடு சுமந்து நகரம் முழுக்க விற்பார்கள். பாடசாலைகள் 16ஆம் திகதியிலிருந்து மூடியிருக்கின்றன, இன்று அலுவலகங்களையும் 31ஆம் திகதி வரை மூடச் சொல்லிவிட்டார்கள், வாங்க ஆளில்லை. நேற்று அவரிடம், முகத்தை மூடிக்கொள்ளுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டு அடிக்கடி கழுவுங்கள் என்று படித்தவள் தோரணையில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தண்ணி காலையில் ரெண்டு மணி நேரம் வரும்மா. அதில் அரிசி கழுவவா, கையைக் கழுவவா? இது பெரிய நோயாய் இருந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும், அதனால் சின்ன நோயென்றே வைத்துக்கொள்கிறோம்" என்றார். இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுள்ள இடத்தில் எட்டு, ஒன்பது லட்சம் பேர் பொதுக் கழிப்பறைகளோடு வாழும் இடத்திலிருந்து அந்தப் பதில் வந்தது. தொலைக்காட்சியில் 'அலட்சியமான மக்கள்' என்று திட்டுகிறவர்கள் இவரைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நோயைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்களின் அழகையும் கேளுங்கள். புதன்கிழமை எங்கள் கட்டடத்தின் சங்கக் கூட்டம் நடந்தது. முகக்கவசம் அணிந்தவர்களே அதிகம் கதைத்தார்கள். இரண்டு மணி நேரத்தின் முடிவில், வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் பால்காரரையும் வாசலில் நிறுத்துவது என்று தீர்மானமாயிற்று. அந்தப் பெண்களின் சம்பளத்தைப் பற்றி உங்கள் மருமகன் எழுந்து கேட்டபோது, அது அவரவர் விருப்பம் என்று முடித்துவிட்டார்கள். மேல்மாடியில் ஒரு வீட்டுப் பையன் போன கிழமைதான் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறான்; அவன் மின்தூக்கியில் ஏறி இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. விமானத்தில் வந்த நோய்க்கு, நடந்து வருகிறவர்களை மறிக்கிறார்கள், அப்பா. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் இடது கையில் தேர்தல் மையால் முத்திரை குத்தி வீட்டில் இருத்துகிறது அரசு. அந்த முத்திரையோடு சூரத் பக்கம் ரயிலில் போய்க்கொண்டிருந்த நாலு பேரை அன்றைக்குத்தான் பால்கரில் இறக்கியிருந்தார்கள்.

அரசு இப்போது கையிலெடுத்திருக்கும் சட்டம் 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். அது பிறந்ததே இந்த ஊரால்தான். 1896 செப்டெம்பரில் மாண்ட்வியில் வைத்தியர் அகாசியோ வியேகாஸ், இது பிளேக் என்று முதலில் கண்டு சொன்னார். துறைமுக வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தில், அந்தப் பெயரைச் சொல்லலாமா, கூடாதா என்பதே அன்றைய முதல் விவாதம். பிறகு அரசு விழித்துக்கொண்டபோது வீடு வீடாக நுழைந்து ஆட்களை இழுத்துச் சென்றது. ஒக்டோபரில் மில் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு வைத்தியசாலையைத் தாக்கினார்கள். நகரத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓடிப்போனார்கள். அந்த வைத்தியசாலைதான் இன்றைய கஸ்தூர்பா. கொரோனா நோயாளிகளை இப்போது அங்கேதான் வைத்திருக்கிறார்கள், மும்பையின் முதல் மரணமும் செவ்வாய்க்கிழமை அங்கேதான். பிளேக்குக்குப் பின் 1898இல் அமைத்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை நெரிசலைக் குறைக்க வகுத்த திட்டத்தில்தான் தாதரும் எங்கள் மாட்டுங்காவும் அகலத் தெருக்களோடு உருவாயின. நெரிசலைக் குறைக்க இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழைகளுக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. மாதச் சம்பளக்காரருக்குக் கிடைத்தது. சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு புதுக் கதை இன்று காலையிலிருந்து கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது. வைரஸ் 12 மணி நேரம்தான் உயிரோடிருக்குமாம். 14 மணி நேரம் எல்லோரும் வீட்டிலிருந்தால் சங்கிலி அறுந்துவிடுமாம். பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் மூன்று நாள் வரை அது தொற்றக்கூடிய நிலையில் இருப்பதாக அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கிழமைதான் வெளியிட்டிருக்கிறார்கள். அதோடு மனிதருக்குள் இருப்பது ஞாயிறு இரவோடு எழுந்து போகுமா? மாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று, வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நன்றியாகக் கைதட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாமி தட்டொன்றை எடுத்து வைத்திருக்கிறார். ஊரடங்கு என்றதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உற்சாகமாய் இருக்கிறார்கள். நான் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அரிசியும் பருப்பும் மெழுகுதிரியும் வாங்கப் போய்விட்டேன். மெழுகுதிரி எதற்கு, கரண்ட் இருக்கிறதே என்று இவர் சிரித்தார். 2006 ஓகஸ்டில் போரில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதையை மூடியபோது கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நீங்கள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது இவருக்கு எப்படி விளங்கும்?

இனி நான் எழுத வந்த விஷயம். ஏப்ரல் 15 வரை விசாக்களை நிறுத்தி வைத்திருப்பதால் சித்திரையில் நீங்கள் இருவரும் இங்கே வருவது நடக்காது. அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. "வெயில் ஏறினால் ஓடிவிடும்" என்று நீங்களும் எழுதியிருந்தீர்கள். இங்கே மாமாவும் அதையே சொல்கிறார். ஆனால் வெயிலுள்ள சிங்கப்பூரிலும் இது பரவுகிறது. உங்களுக்கு வயது 71, நீரிழிவும் இருக்கிறது. இறக்கிறவர்களில் அதிகம் பேர் இந்த வயதினரும் இந்த வருத்தக்காரரும்தான். ஆகவே திங்கட்கிழமை ஊரடங்கு தளர்ந்ததும் வாசிகசாலைக்குப் போகாதீர்கள். பத்துப் பேர் தொட்ட பத்திரிகை, அதைச் சுற்றி பத்துப் பேரின் அரசியல். நீங்கள் இல்லாமலும் அது நடக்கும். தம்பி பத்திரிகை வாங்கி வரட்டும். சீனி வருத்தத்து மாத்திரையை ஒரே தடவையில் இரண்டு மாதத்துக்கு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கோயிலுக்குப் படலையில் நின்று கும்பிட்டாலே போதும்.

என்னோடு வாதாட வேண்டுமானால் எழுதி வாதாடுங்கள். தம்பி படமெடுத்து அனுப்புவான், நான் வரிக்கு வரி பதில் எழுதுகிறேன். எனக்கும் இங்கே இனி நேரம் நிறைய இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: இட்டிலி அண்ணன் இன்று வரவில்லை.