ராத்திரி பத்து மணி வரை ஒரு பள்ளிக்கூடம் திறந்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னை தண்டையார்பேட்டையில் 19 வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை உங்கள் பத்திரிகையைப் படிப்பதுதான், அதிலும் கல்வி பற்றிய கட்டுரைகளையும் அதற்கு வரும் வாசகர் கடிதங்களையும் ஒரு வரி விடாமல் படிப்பேன். நீட் வேண்டுமா வேண்டாமா, இரண்டு மொழியா மூன்று மொழியா, மத்திய அரசு நிறுத்தி வைத்த பள்ளிக்கல்வி நிதி 2,152 கோடி யாருடைய பணம், எட்டாவது வரைக்கும் எல்லோரையும் பாஸ் போடலாமா கூடாதா என்று வருஷம் முழுக்க விவாதம் நடக்கிறது. நடக்கட்டும், அதெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான், எனக்கும் அதில் அழுத்தமான கருத்துகள் உண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள்?

நான் சொல்கிறேன். மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். எங்கள் பக்கம் வாரியக் குடியிருப்புகள் அதிகம். குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது, இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நாங்கள் இன்னமும் ஹவுசிங் போர்டு என்றுதான் சொல்வோம். நான் வளர்ந்த வீடு 230 சதுர அடி, அதில் ஆறு பேர். ஒரே அறையில் டிவி ஓடும், அடுப்பு எரியும், தம்பி தூங்குவான், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்க விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று அம்மா எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைக்கச் சொல்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அதனால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போவேன். இன்றைக்கும் ராத்திரி கடையை மூடிவிட்டுப் போகும்போது அதே படிக்கட்டில் யாராவது ஒரு பிள்ளை செல்போன் டார்ச்சில் படித்துக்கொண்டிருக்கிறது. டி.எச். ரோட்டில் கண்டெய்னர் லாரி சத்தம், தெருவில் ஒரு சாவு விழுந்தால் விடிய விடிய கானாக் கச்சேரி, ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் ஸ்பீக்கர். இதெல்லாம் எங்கள் வாழ்க்கை, இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒதுங்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

என் கடைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தாலே ஊரில் என்ன பரீட்சை என்று சொல்லிவிடலாம். ஜனவரி பிறந்தால் பிளஸ் டூ பழைய வினாத்தாள். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது அதற்கும் கூட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்து அந்தத் தேர்வை நீக்கிய பிறகு அது நின்றுவிட்டது, பிள்ளைகள் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. 2025 ஜூலையில் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்தது 3,935 இடங்கள், விண்ணப்பம் போட்டவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அதில் எத்தனையோ பேர் எங்கள் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பிள்ளைகள். பள்ளிக்கூடப் புத்தகத்தை வரிக்கு வரி படித்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம் என்று சொல்வார்கள். புத்தகம் கையில் இருக்கிறது, சமச்சீர் கல்வி வந்தபிறகு அடையாறு பிள்ளையும் ஆர்.கே. நகர் பிள்ளையும் படிப்பது ஒரே பாடம். வரிக்கு வரி படிக்க நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார வேண்டுமே.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பையன் வருவான், பெயர் வேண்டாம். அப்பா இல்லை, அம்மா வீட்டு வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து என் கடை வாசல் படியில், டியூப் லைட் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்காருவான். நான் ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கும்வரை படிப்பான். என்னால் முடிந்தது அதுதான், அதற்கு மேல் கடையைத் திறந்து வைக்க முடியாது. இரண்டு முறை குரூப் 4 எழுதினான், இரண்டாவது முறை கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டது. அப்புறம் மணலிப் பக்கம் கண்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டான். இன்னும் மூன்று மணி நேரம் படிக்க இடம் இருந்திருந்தால் பாஸ் ஆகியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருஷம் டிவியில் ஒருவர் தகுதி, திறமை என்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வந்தது, கோபமும் வந்தது.

நூலகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்காலி, பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்கே போதாது, பிள்ளைகள் ஸ்கூல் விட்டு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூடுகிற நேரம் ஆகிவிடும். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, ஒரே ஆள் எத்தனை வேலைதான் பார்ப்பார்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. 2010இல் திறந்ததிலிருந்து அங்கே படித்து வேலைக்குப் போனவர்களை எனக்கே தெரியும். ஆனால் எங்கள் பிள்ளை அங்கே போக வேண்டுமென்றால் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, வேளச்சேரி ரயில் பிடிக்க வேண்டும். அந்த ரயிலும் நாலாவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை பீச்சிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை ஓடவில்லை. பதினாலு மாதம்! போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு இது ஆகிற காரியமா? கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ என்று உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் ஒரு இடம் திறந்தார்கள், நன்றாக இருக்கிறது, போய்ப் பார்த்தேன். அதேபோல் மற்ற இடங்களிலும் வரும் என்கிறார்கள். வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் கட்டடம் எழும்பி, திறப்பு விழா நடக்கும்வரை இப்போது பிளஸ் டூ படிக்கிற பிள்ளை காத்திருக்காது.

காசு இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். நாம் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். சொந்த வீடு இல்லாதவனும் வாடகையில் அதைக் கட்டுகிறான், என் கடை வாடகையிலும் அது இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாநிலம்தான், 1948இல். அதற்காகப் பாடுபட்ட ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்று 1931இலேயே எழுதினார், நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதினார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகிறது, வடசென்னையில் சாயங்காலத்தில் உட்கார நாற்காலி இல்லை.

என் யோசனை ரொம்பச் சின்னது. வார்டுக்கு ஒரு மாநகராட்சிப் பள்ளியை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை படிப்பதற்காகத் திறந்து விடுங்கள். பெஞ்சு இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, லைட் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, கேட்டும் வாட்ச்மேனும் இருக்கிறார்கள். பாடம் நடத்த வேண்டாம். டியூஷன் வேண்டாம். ஏற்கெனவே மூச்சு முட்ட வேலை பார்க்கும் ஆசிரியர்களை இதில் இழுக்கவும் வேண்டாம்.

இதைச் சொன்னால் உடனே பாதுகாப்பு என்பார்கள். ராத்திரியில் பள்ளிக்கூடத்தைத் திறந்தால் குடிகாரன் வருவான், பொருள் போகும், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பார்கள். தேர்தல் வந்தால் இதே பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி ஆகிறது, ராத்திரி முழுக்க ஆட்கள் அங்கேயே தங்குகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது எங்கள் ஜனங்களைக் கொண்டுபோய்த் தங்க வைத்ததும் பள்ளிக்கூடத்தில்தான், சாவி அன்றைக்குக் கிடைத்தது. மழைக்குத் திறக்க முடிகிற கேட்டை மார்ச் மாதப் பரீட்சைக்கும் திறக்க முடியும்.

பெண் பிள்ளைகள் விஷயம் மட்டும் உண்மையான கவலை, அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆண் பிள்ளையாவது என் கடைப் படியில் வந்து உட்காருகிறான், பெண் பிள்ளைக்கு அந்தப் படியும் கிடையாது. வீட்டு வாசலைத் தாண்டினால் பத்துப் பேர் கேட்பார்கள். மேலே படிக்கிற அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பரில் தொடங்கியது எங்கள் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான். எங்கள் தெருவில் மூன்று பெண்கள் அதை வாங்குகிறார்கள், அந்தப் பணம் அவர்கள் கையில் வருவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லூரி வாசல் வரை போக பிளஸ் டூ தாண்ட வேண்டும். அதனால் பெண்களுக்குத் தனி வகுப்பறை, அங்கே சம்பளத்துக்கு ஒரு பெண் பணியாளர், பள்ளியிலிருந்து தெருமுனை வரை எரிகிற விளக்கு. மகளிர் குழுவில் கேட்டால் ஆள் கிடைப்பார்கள், பத்து மணிக்கு அம்மாக்களே நாலு பேராக வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். நைட் ஷோவுக்கும் திருவிழாவுக்கும் அப்படித்தானே போய் வருகிறோம்.

வடசென்னை என்றால் ரவுடி, கத்தி, கஞ்சா என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு படிப்பகம் இருந்தது. பின்னி மில் தொழிலாளி ஷிஃப்ட் முடிந்து வந்து பெஞ்சில் உட்கார, எழுத்துத் தெரிந்த ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்க, சுற்றி இருக்கிறவர்கள் கேட்பார்கள் என்று என் தாத்தா சொல்லியிருக்கிறார். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் படித்த இளைஞர்கள் காசு வாங்காமல் நடத்திய இரவுப் பாடசாலைகளில் படித்துத்தான் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி வந்தார். அந்தப் படிப்பகங்களில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றில் கொடிக்கம்பம் மட்டும் மிச்சம். கட்சிக்காரர்கள் மனது வைத்தால் அந்தக் கதவுகளையும் நாளைக்கே திறக்கலாம்.

மாநகராட்சி பட்ஜெட் போடுவதற்கு முன்னால் மேயர் அவர்களும் எங்கள் வார்டு கவுன்சிலரும் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எல்லா வார்டிலும் இப்போதே முடியாது என்றால் சரி, எங்கள் வார்டில் ஒரே ஒரு பள்ளி, டிசம்பரிலிருந்து பொதுத்தேர்வு முடியும் வரை, சோதனையாகச் செய்து பாருங்கள். பொறுப்புக்கு ஆள் வேண்டும் என்றால் வாரத்தில் மூன்று நாள் ராத்திரி நான் வந்து உட்காருகிறேன், ஏழு மணிக்கே கடையை மூடிவிடுகிறேன். பழைய வினாத்தாள் என்னிடம் பத்து வருஷத்துக்கு இருக்கிறது, ஒரு செட் அங்கேயே வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81